நாற்பது சட்டைகளின் முதுகு

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஹெலனின் வலது மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். மூன்று வருடமாக இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தி வந்தது என்றார் டாக்டர். சொல்லும்போது என்னைப் பார்த்தார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஐம்பத்து நாலு வயது ஆண்களைப் பாளையங்கோட்டையில் எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஆறு வாரம் கையில் பட்டை கட்டியிருக்க வேண்டும். பெட்டியைத் தொடவே கூடாது.

ஆட்டோவில் திரும்பும்போது கேட்டாள்.

"தேய்க்கிற வேலைய மட்டும் நீங்க பாத்துக்கிடுதியளா? மத்ததெல்லாம் இடது கையால நான் செஞ்சிருவேன்."

"எனக்கு அதெல்லாம் தெரியாதே."

"கணக்கு வாத்தியாருக்கு முப்பது எண்ணத் தெரியாதாக்கும்."

ஆட்டோக்காரர் சிரித்தார்.

ஆகஸ்ட் 20, புதன்

பாடம் இதுதான். கம்ப்யூட்டரில் படத்தையோ எழுத்தையோ கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டு, அதற்கென்று விற்கும் டிரான்ஸ்ஃபர் தாளில் அச்செடுக்க வேண்டும். தாளை முகம் குப்புறத் துணிமேல் வைத்து, சூடான பெட்டியால் அழுத்த வேண்டும். தேய்க்கக் கூடாது. அழுத்தி, முப்பது எண்ணி, தூக்கி, பக்கத்து இடத்தில் வைத்து மறுபடி அழுத்த வேண்டும். பெட்டியில் தண்ணீர் இருக்கக் கூடாது. மெத்தை உதவாது, கெட்டியான மேஜை வேண்டும். ஆறியதும் தாளை உரித்தால் படம் துணியில் நிற்கும்.

முதல் சட்டை யாரோ ஒரு குழந்தையின் பிறந்த நாளுக்கு. நான் பெட்டியைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன். யானைக்கு இரண்டு தும்பிக்கை வந்தது.

"பரவால்ல, பிள்ளைக்கு சந்தோஷமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஹெலன் வேறு சட்டை எடுத்துக் கொடுத்தாள். எம்.எஸ்ஸி., எம்.எட். இதற்கா என்று யோசித்தபடி சாப்பாட்டு மேஜைமேல் போர்வையை மறுபடி நான்காக மடித்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அழைப்பு மணி. திறந்தால் இசக்கிராஜ். பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு, கடைசி பெஞ்சு. இப்போது முருகன்குறிச்சியில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினான், மாட்டினான், பிறகு மறுபடி கழற்றினான்.

"சார், இது உங்க வீடா? ஹெலன் பிரிண்ட்ஸ்னு போர்டு பாத்து வந்தேன்."

"இங்கனதான் இருக்கேன். சாகல."

"என்ன சார் அப்படிச் சொல்லுதிய."

ஹெலன் உள்ளேயிருந்து வந்தாள். அவளிடம் பேசுவது அவனுக்கு எளிதாக இருந்தது. நாற்பது வெள்ளை டி-ஷர்ட் வேண்டும், முன்னால் ஒரு போட்டோ, பின்னால் ஒரு வரி, செப்டம்பர் ஆறாம் தேதி விழா என்றான்.

"யாரு போட்டோ?" என்றாள்.

அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நம்ம ஹெச்.எம். சாரு. மாவட்டத்துலயே சிறந்த தலைமை ஆசிரியர்னு விருது குடுத்திருக்காங்க. சாயங்கால கிளாஸ்ல படிச்ச நாங்க கொஞ்சப் பேரு சேந்து ஒரு பாராட்டு வைக்கோம்."

பாக்கியநாதன். என் இடத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்.

ஹெலன் என்னைப் பார்த்தாள். வந்தவன் முன்னாலேயே கேட்டாள். "நீங்க என்ன சொல்லுதிய? வேண்டாம்னா வேண்டாம்."

"எனக்கென்ன. துணிக்கு யாரு முகம்னு தெரியவா போகுது."

இசக்கிராஜ் பெருமூச்சு விட்டான். "இது நல்லா வந்துச்சுன்னா ஸ்போர்ட்ஸ் டேக்கு நானூறு பனியனும் உங்களுக்குத்தாங்க்கா. ஸ்கூல்ல நான் பேசுதேன்."

நானூறு என்றதும் ஹெலனின் முகம் மாறியது. நானூறு வந்தால் கையால் தேய்க்க வேண்டியதில்லை. மேலிருந்து தானாக அழுத்தும் மெஷின் ஒன்றை வாங்கலாம் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவன் போன பிறகு அந்த மெஷினின் படத்தைப் போனில் எனக்குக் காட்டினாள். இடது கட்டைவிரலால் பெரிதாக்கிக் காட்டினாள்.

ஆகஸ்ட் 23, சனி

எழுதி வைக்கிறேன். யாராவது பின்னால் கேட்டால் தெரியட்டும்.

2016-இல் தலைமை ஆசிரியர் பதவி காலியானபோது எனக்குப் பத்தொன்பது வருட அனுபவம். பாக்கியநாதனுக்குப் பதினான்கு. நான் கணிதம், அவர் தமிழ். ஆனால் அவர் பள்ளி கரஸ்பாண்டென்டோடு சர்ச்சில் ஒரே பாடகர் குழுவில் பாடுகிறவர். எனக்குப் பாட வராது. அறிவிப்பு வந்த அன்று ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்து, "நீங்கதான் எனக்குத் துணையா இருக்கணும்" என்றார். கையை இழுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை.

மாலை வகுப்பு என்று இசக்கிராஜ் சொன்னானே, அது என்னுடையது. கணக்கில் தோற்கிற பிள்ளைகளுக்காக 2015 ஜூனில் நான் ஆரம்பித்தது. ஐந்து மணிக்கு, பதினோராம் அறையில். ஒரு வருடம் நடத்தினேன். அடுத்த வருடம் எனக்கு நேரம் இருக்கவில்லை.

2022-இல் விருப்ப ஓய்வுக் கடிதம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அன்று மாலை ஹெலனிடம் சொன்னேன். அவள் அடுத்த மாதம் பிரிண்டர் வாங்கினாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

போட்டோ வந்தது. பழைய ஸ்டாஃப் குரூப் போட்டோவிலிருந்து வெட்டியது. பாக்கியநாதன் சிரிக்கிறார். அவருக்கு இடது பக்கம், ஓரத்தில், நீலக் கோடு போட்ட ஒரு தோள் பாதி தெரிகிறது. அது என் சட்டை.

ஹெலனும் பார்த்தாள். மவுஸை இடது கையால் நகர்த்தி நகர்த்தி அந்தத் தோளை அழித்தாள். கால் மணி நேரம் ஆயிற்று.

ஆகஸ்ட் 27, புதன்

திருப்பூரிலிருந்து பார்சல் வந்தது. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று இருந்தது. ஒன்றைத் தவறுதலாக வைத்துவிட்டான் என்றேன். ஹெலன் அடுப்படியில் இருந்தாள், காதில் விழுந்ததா தெரியவில்லை.

முகங்கள் இன்று. தாளில் திருப்பி அச்சாகியிருப்பதால் அவர் வகிடு வேறு பக்கம் இருக்கிறது, வேறு யாரோபோல் தெரிகிறார். அதனால் வேலை சுலபமாக இருந்தது. குப்புறப் போட்டு, நெற்றியில் முப்பது, வலது கன்னத்தில் முப்பது, இடது கன்னத்தில் முப்பது, தாடையில் முப்பது. நாற்பத்தொரு தடவை பாக்கியநாதன் முகத்தில் சூடான இரும்பை வைத்து என் முழு பாரத்தையும் கொடுத்து அழுத்தினேன். இவ்வளவு நாளில் இதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. மனதுக்கு இதமாக இருந்திருக்க வேண்டும். பத்தாவது சட்டைக்கு மேல் தோள்வலிதான் இருந்தது.

நடுவில் ஹெலன் வந்து பார்த்தாள். "மூக்க நல்லா அழுத்துங்க, ஓரம் தூக்குது."

"எவ்வளவு அழுத்தினாலும் அந்த மூக்கு தூக்கித்தான் இருக்கும்."

அவள் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு. ஐந்து மணி நேரம் ஆயிற்று. ஒரு முகம்கூடக் கெடவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

பின்னால் போடவேண்டிய வரியை இசக்கிராஜ் வாட்ஸப்பில் அனுப்பினான்.

'எங்கள் மாலை வகுப்பு சார்.'

ஹெலன் அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். "வேற வரி குடுக்கச் சொல்லட்டுமா?"

"எதுக்கு? அவங்க கேட்டதப் போடு."

"உங்களுக்குக் கஷ்டமா இருந்தா எதுத்த வீட்டு ரோஸ்லினைக் கூப்பிட்டு அழுத்தச் சொல்லுதேன்."

"நான் போடுதேன்னு சொல்லுதேன்ல."

மதியம் சாப்பிடவில்லை. மீன் குழம்பு சரியில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஹெலன் பெண்கள் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நாற்பத்தொரு முதுகையும் முடித்துவிட்டேன். ஒன்றேகால் மணி நேரம்தான் ஆயிற்று. கை பழகிவிட்டது.

வோல்டேஜ் அதிகமாக இருப்பதுபோல் தோன்றியதால் வெப்பக் குமிழை ஒரு புள்ளி குறைத்து வைத்தேன். இன்று எண்ணவில்லை. தாள் ஒழுங்காக உரிந்து வந்தது, எழுத்து நின்றது. பார்த்தால் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஆகஸ்ட் 30, சனி

ஹெலன் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். "என்னவிட நல்லாப் போட்டிருக்கிய" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிறு தேடப் போனேன்.

மாலையில் இசக்கிராஜ் பைக்கில் வந்து பன்னிரண்டு சட்டைகளை எடுத்துப் போனான். பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு முதலில் கொடுக்கப் போகிறானாம். அதில் ஒன்று ஹெச்.எம். வீட்டுக்கு. மீதி இருபத்தெட்டையும் வியாழக்கிழமை வாங்கிக்கொள்வான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தலைவலி. ஆராதனைக்குப் போகவில்லை.

மூன்று மணிக்கு மழை வருவதுபோல் இருட்டியது. துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். கொடியில் என் வேட்டிக்கும் துண்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளை டி-ஷர்ட், உள்புறம் வெளியே தெரியத் தொங்கியது. திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் பாக்கியநாதன் அப்படியே சிரித்தார். பின்பக்கத்தில் 'எங்கள்' மட்டும் ஒட்டியிருந்தது. 'மாலை' ஓரங்களில் சுருண்டிருந்தது. 'வகுப்பு' பாதி போயிருந்தது. 'சார்' இருந்த இடத்தில் வெறும் துணி.

ஹெலன் பின்னால் வந்து நின்றாள்.

"இது ஏது?" என்றேன்.

"ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒண்ணு கூடுதலா வாங்கி, போட்டு, மூணு தடவ அலசிப் பாப்பேன். அப்புறந்தான் குடுப்பேன். இந்தத் தடவ அவன் அவசரப்பட்டான்னு முதல்லயே பன்னெண்டு குடுத்துட்டேன்."

"எனக்குத் தெரியாதே."

"மூணு வருஷமா இந்தக் கொடியிலதான் காயுது."

தூறல் விழுந்தது. இரண்டு பேரும் அசையவில்லை.

"முன்பக்கம் ஒண்ணும் ஆகல. பின்பக்கம் மட்டும் எப்படி?"

"வோல்டேஜ்."

"எத்தன எண்ணுனிய?"

"முப்பது."

அவள் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து, வாடிக்கையாளருக்குக் கொடுப்பதுபோல் அழகாக மடித்து, கையில் வைத்துக்கொண்டு கீழே போனாள்.

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் மாவட்ட நூலகத்துக்குப் போனேன். ஒன்றும் படிக்கவில்லை. மூன்று மணிக்குத் திரும்பினேன்.

சாப்பாட்டு மேஜை முன்னால் ஹெலன் நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த பட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்திருந்தாள். கட்டிவைத்த சட்டைகளெல்லாம் பிரிந்து கிடந்தன. எழுத்தின்மேல் பட்டர் பேப்பரைப் பரப்பி, அதன்மேல் பெட்டியை வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். தண்ணீர் படாத சட்டையென்றால் இப்படி மறுபடி சூடு கொடுத்துக் காப்பாற்றிவிடலாமாம். எனக்கு இதையும் யாரும் சொல்லித் தரவில்லை. நான் கேட்டதில்லை.

பதினேழு முடிந்திருந்தது. வலது கட்டைவிரலுக்குக் கீழே வீங்கியிருந்தது.

"கொண்டா, நான் போடுதேன்."

"வேண்டாம்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இருபத்தொம்பது, முப்பது." பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வோல்டேஜ் இல்லன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். போய்ப் படுங்க."

"அது என் வகுப்பு ஹெலன். அவன் பேர்ல போடுதாங்க."

"இருக்கட்டும். சட்டையில உங்க பேரும் இல்ல, அவரு பேரும் இல்ல. வாசல்ல இருக்க போர்டுல என் பேருதான் இருக்கு. எழுத்து உரிஞ்சா யாரத் தேடி வருவாங்க?"

அவள் அடுத்த சட்டையை விரித்தாள்.

"வேலைய விட்டிய. என்ட்ட ஒரு வார்த்த கேக்கல. கடுதாசி குடுத்துட்டு வந்து சொன்னிய. நான் ஏதாவது சொன்னனா? உங்களுக்கு வலிச்சிருக்கும்னு விட்டுட்டேன். அவரத்தான் பழிவாங்குதியன்னு நெனச்சேன். இப்பப் பாத்தா எப்பவும் எம்மேலதான் வந்து விழுது."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். பெட்டியை வாங்க மறுபடி கை நீட்டினேன். கொடுக்கவில்லை. ஆறு மணிக்கு இருபத்தெட்டும் முடிந்தது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் அந்த அறைக்குள்ளேயே இருந்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

டாக்டர். ஊசி. இது சரியாகாவிட்டால் ஆபரேஷன் என்கிறார். 'சாப்பாடு மூடி வச்சிருக்கு' என்பது தவிர ஹெலன் இன்று ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பன்னிரண்டு சட்டைகளைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

செப்டம்பர் 3, புதன்

முருகன்குறிச்சிக்குப் போனேன். இசக்கிராஜ் ஒரு போனைப் பிளந்து வைத்துக்கொண்டிருந்தான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"நீ கொண்டுபோன பன்னெண்டுல பின்பக்கம் சூடு பத்தல. தொவைச்சா உரிஞ்சிரும்."

"அப்படியா சார்? பரவால்ல, விழாவுல ஒரு நாள் போட்டாப் போதும். அக்காட்ட ஒண்ணும் சொல்லாதிய, பாவம், வீட்டுல இருந்து பழகுதாங்க. ஸ்போர்ட்ஸ் டேக்கு வேணும்னா பெரிய ஆளாப் பாத்துக்கிடலாம்."

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

"அக்கா போடல. நான் போட்டேன்."

"புதுசுல அப்படித்தான் சார் இருக்கும்."

"புதுசு இல்லலே. வேணும்னுதான் அப்படிப் போட்டேன். அந்த வரியப் பாத்துட்டு."

திருப்புளியைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் பிளந்து கிடந்த போனையே பார்த்தான். இருபத்தைந்து வருடம் ஆசிரியராக இருந்தவனை ஒரு மாணவன் என்ன சொல்லித் திட்டுவது என்று அவனுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

"எல்லாருக்கும் குடுத்தாச்சு சார். போன் போட்டு வாங்கிட்டு வரட்டுமா?"

"வேண்டாம். யாரு யாருன்னு எழுதிக் குடு. நானே பெட்டியக் கொண்டுபோய்ப் போட்டுக் குடுக்கேன்."

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பன்னிரண்டு பேரையும் தெருவையும் எழுதினான். என் கையில் கொடுக்கும்போது சொன்னான்.

"வீட்டுப்பாடம் மாதிரி ஆயிட்டு சார்."

கையெழுத்து அப்போதைக்கு இப்போது பரவாயில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

துணிப்பையில் இஸ்திரிப் பெட்டி, போர்வை, பட்டர் பேப்பர். ஸ்கூட்டரில் நேற்று மாலை நாலு வீடு, இன்று ஏழு. வீட்டுக்கு வீடு அதே கேள்வி: "சாரா? நீங்க எதுக்கு சார்?" அதே பதில்: நான் ஒழுங்காகப் போடவில்லை, ஹெலன் மேல் தப்பில்லை. நாலாவது வீட்டுக்குப் பிறகு மனப்பாடமாகிவிட்டது.

சமாதானபுரத்தில் ஒரு வீட்டில் பையன் இல்லை. அவன் அம்மா சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, முடியும்வரை நின்று பார்த்தார். பிறகு ஒரு வேட்டியும் இரண்டு ஜாக்கெட்டும் கொண்டுவந்து வைத்தார். "பெட்டி சூடாத்தான இருக்கு அண்ணாச்சி, இதையும் ஒரு இழுப்பு இழுத்துருங்க." இழுத்துக் கொடுத்தேன்.

இன்றைய கடைசி வீடு முத்துச்செல்வி. நர்ஸாக இருக்கிறாள். இவள் என் மாணவி இல்லை, நான் நிறுத்திய பிறகு வந்தவள். நான் அழுத்திக்கொண்டிருக்கும்போது பேசிக்கொண்டே இருந்தாள்.

"ஹெச்.எம். சாருக்குக் கணக்கே வராது சார். தமிழ் சார்தான. முந்தின நாள் கைடு வச்சுப் படிச்சிட்டு வந்து எங்களுக்குச் சொல்லிக் குடுப்பாரு. பாதியில நின்னுரும். 'இருங்கல, நாளைக்குப் படிச்சிட்டு வாரேன்'ம்பாரு. மறுநாள் நாங்க கண்டுபிடிச்சு அவருக்குச் சொல்லிக் குடுப்போம்."

"தப்புத் தப்பாச் சொல்லிக் குடுத்திருப்பாரு."

"ஆமா சார். ஆனா தெனமும் வருவாரு. அவங்க அம்மா செத்த வாரம் மட்டும் வரல."

எத்தனை வருடம் என்று கேட்டேன். இன்றைக்கும் நடக்கிறது என்றாள். ஒன்பது வருடம்.

கைடு வைத்துச் சொல்லிக் கொடுப்பது கணிதம் ஆகாது. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

மீதி இருப்பது ஒரு வீடு. அந்தத் தெரு முனைவரை போனேன். பெட்ரோல் குறைவாக இருந்ததால் திரும்பிவிட்டேன்.

வீட்டில் ஹெலன் இருபத்தெட்டையும் இசக்கிராஜிடம் கொடுத்திருந்தாள். நான் வீடு வீடாகப் போவதை அவன் சொல்லியிருக்க வேண்டும். பையை வாங்கி வைத்தாள்.

"எத்தன முடிஞ்சது?"

"பதினொண்ணு."

மிச்சம் எந்த வீடு என்று அவளுக்குத் தெரியும்.

செப்டம்பர் 5, வெள்ளி

பாக்கியநாதன் லுங்கியும் பனியனுமாகக் கதவைத் திறந்தார். கண்ணாடி போடவில்லை. முதலில் யாரென்று தெரியவில்லை, பிறகு தெரிந்தது.

"வாங்க தேவநேசம் சார்."

ஏதோ நேற்றும் வந்துபோனவனைப்போல் சொன்னார். சட்டையில் சின்ன வேலை இருக்கிறது, ஐந்து நிமிடம் போதும் என்றேன். அவர் மனைவி உள்ளேயிருந்து எடுத்து வந்தார். பாக்கியநாதனே சாப்பாட்டு மேஜையில் இருந்த ஊறுகாய் பாட்டில்களை எல்லாம் எடுத்து வைத்தார். என் பெட்டியின் வயர் எட்டவில்லை. முட்டி போட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டு, பிளக்கை மாற்றிக் கொடுத்தார். எழுந்திருக்கச் சிரமப்பட்டார். நான் கை கொடுக்கவில்லை. கொடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் எழுந்துவிட்டார்.

பெட்டி சூடாகும்வரை பேச வேண்டியிருந்தது.

"இந்த வரி வேண்டாம்னு சொன்னேன்" என்றார். "கேக்க மாட்டேங்கானுவ."

நான் பட்டர் பேப்பரை வெட்டினேன்.

"ஹெலன் நல்லாத்தான் செய்வாங்கன்னு சொன்னானுவ. என்ன ஆச்சு?"

இதற்கும் மனப்பாடமான பதில் இருந்தது. பதினோரு வீட்டில் சொல்லிப் பழகியது. அது வரவில்லை.

"ஹெலன் வேலையில ஒண்ணும் தப்பில்ல. கெடுத்தது நான். தெரிஞ்சேதான் கெடுத்தேன். ஒரு தொவையில உரியணும்னு."

அவர் மனைவி அடுப்படி வாசலில் நின்றுவிட்டார். பாக்கியநாதன் சட்டையை எடுத்து முன்பக்கம் திருப்பி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரலால் தன் மூக்கைச் சுரண்டிப் பார்த்தார்.

"முகம் தப்பிச்சிருக்கே."

"முகத்த ஒழுங்காப் போட்டேன்."

"எதுக்கு?"

"முகத்துக்கு என்ன தப்பு. அது உங்களுதுதான."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்திருக்கும், வரவிடவில்லை. மேஜைமேல் சட்டையைக் குப்புறப் போட்டு, 'எங்கள்' மேல் பெட்டியை வைத்தேன். 'மாலை' மேல் வைத்தேன். 'வகுப்பு' நீளமான சொல், இரண்டு தடவை வைக்க வேண்டும். சத்தமாக எண்ணினேன், எண்ணாவிட்டால் வேறு ஏதாவது பேசவேண்டிவரும் என்பதால். அவர் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வகுப்பை யார் ஆரம்பித்தது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒன்பது வருடம் தினமும் ஐந்து மணிக்குப் பதினோராம் அறைக்குப் போனவரிடம் அதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

'சார்' மேல் வைத்தபோது கைக்குக் கொஞ்சம் பாரம் கூட்டினேன்.

"ஒரு நாளைக்குத் தண்ணி படக்கூடாது" என்றேன். "அப்புறம் உள்பக்கம் திருப்பித்தான் தொவைக்கணும்."

"சரி சார்." பிறகு, "நாளைக்கு வருவீங்களா?"

"இல்ல."

"சரி" என்றார். வற்புறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து ஹெலனிடம் பையைக் கொடுத்தேன்.

"பன்னெண்டும் முடிஞ்சது."

"அவங்க வீட்டுல என்ன சொன்னிய?"

"உள்ளதச் சொன்னேன்."

"அவர்ட்டயேவா?"

"அவர்ட்டயேதான்."

பையை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "அந்த அம்மா டீ குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"குடிச்சியளா?"

"குடிச்சேன். அவருக்குச் சுகராம். சர்க்கர இல்லாம குடுத்தாங்க."

"நமக்கு வேணும்னு கேக்க வேண்டியதுதான."

"அத வேற கேக்கவா."

ஹெலன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 6, சனி

பத்து மணிக்கு விழா. ஹெலனை வரச்சொல்லி இசக்கிராஜ் நேற்றே போன் செய்திருந்தான், சட்டையில் அச்சுப் போட்டவரை மேடையில் அறிமுகப்படுத்தப் போகிறார்களாம். நானூறு பனியன் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நடந்தது பன்னிரண்டு வீட்டுக்கும் தெரியும், இனி பள்ளி என்ன முடிவெடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஹெலன் போகிறேன் என்றாள். நான் போகவில்லை.

ஒன்பது மணிக்கு அறையிலிருந்து கூப்பிட்டாள். "கொஞ்சம் இங்க வாங்க. ஒரு கையால கொசுவம் பிடிக்க வரல."

கத்தரிப்பூ நிறச் சேலை. வலது கையில் புதுப் பட்டை. மடிப்புகளை இடது கையில் ஒருமாதிரி சேர்த்துப் பிடித்திருந்தாள், கீழே கலைந்துகொண்டிருந்தது. இருபத்தெட்டு வருடக் கல்யாணத்தில் இதை நான் செய்ததில்லை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு மடிப்பாக நீவிவிட்டேன்.

"இழுக்காதிய. அது விழுற மாதிரி விடுங்க."

"சரியா இருக்கா?"

குனிந்து பார்த்தாள். "ஒரு பக்கம் தூக்கியிருக்கு. இருக்கட்டும், நேரமாச்சு. யாரு பாக்கப் போறா."

"மேடையில ஏறுவ. எல்லாரும் பாப்பாங்க."

முழுவதையும் பிரித்துவிட்டு முதல் மடிப்பிலிருந்து ஆரம்பித்தேன். அவள் நிற்கப் பிடிமானத்துக்கு இடது கையை என் தலையில் ஊன்றிக்கொண்டாள்.